முண்டாசு கட்டிய எகிப்துச் சாமி

போன வாரம் எங்கள் வீட்டுக் கொலுவில் ஒரு வெளிநாட்டுச் சாமி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரணம் யூசுப்!

யூசுப் கடலூர் ஓல்ட் டவுன்காரன். என்னோடு படித்தவன். கப்பலில் சமையல் வேலை. ஊருக்கு வந்தால் எல்லாருக்கும் டிரான்சிஸ்டர் கொடுப்பான். எனக்கு? இந்த முறை, சூயஸ் பக்கம் வாங்கிய ஒரு மண் பொம்மை! மனித உடம்பு, ஆட்டுக்கிடா தலை. எதிரே குயவர் சக்கரம், அதன்மேல் ஒரு சின்னப் பிள்ளை. கையில் திணித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடிவிட்டான்.

என் மனைவி கமலா அதைக் கொலுவின் மூன்றாம் படியில் வைத்தாள். அன்று சுண்டலுக்கு வந்த எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு அலறினார்.

"ஐயையோ... ஆட்டுத்தலை! இது தட்சன் இல்ல? சிவனையே அவமானப்படுத்துன ஆளு! சிதம்பரத்துல இருந்துகிட்டு, மாசமா இருக்கற பொண்ணை வீட்டுல வெச்சுகிட்டு, இவனையா வெப்பாங்க?"

போச்சு! எங்கள் மகள் வசந்தாவுக்கு நிறைமாதம். தலைப்பிரசவம். கமலாவுக்கு ஏற்கெனவே பயத்தில் சோறு இறங்கவில்லை. ஆனால் கொலுவில் வைத்த பொம்மையை விஜயதசமிக்கு முன்னால் எடுக்கவும் கூடாதே! என்ன செய்வாள்?

"எடுக்கத்தானே கூடாது? மூடக் கூடாதுன்னு யாரு சொன்னா?" என்றாள். ஒரு சீட்டித் துணியைக் கிழித்து, கொம்பு, கண், மூக்கு எல்லாம் மறைய முண்டாசு கட்டிவிட்டாள். செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் பல்வலிக்காரர் மாதிரி இருந்தார் மனிதர்... மன்னிக்கவும், சாமி.

மூன்று நாள் கழித்து யூசுப் வந்தான். பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்ன தங்கச்சி இது! இவரு பேரு க்னூம். அந்தக் காலத்து எகிப்துக்காரங்க சாமி. பொறக்கப்போற புள்ளைங்களைக் களிமண்ணுல வனைஞ்சு அம்மா வயித்துல வைக்கிறவருன்னு அவுங்க நம்புனாங்களாம். கடைக்காரன் சொன்னான். நம்ம வசந்தாவ நெனச்சுத்தான் வாங்கியாந்தேன். அவசரத்துல மச்சான்கிட்ட சொல்ல மறந்துட்டேன்!"

தெரியாத முகத்துக்குத் தெரிந்த பெயரை வைத்துவிட்டு, அப்புறம் அந்தப் பெயருக்கே பயப்படுகிறோம் — நம் வழக்கமே அதுதானே?

கமலா முகத்தில் ஈயாடவில்லை. வசந்தா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"முண்டாசை அவுத்துடும்மா! வேலை செய்யறவருக்குக் கண்ணு தெரிய வேணாமா?"

"ஐயோ, மூணு நாளா கண்ணைக் கட்டிட்டேனே!" கமலா ஓடினாள். முண்டாசு பறந்தது. சாமிக்கு எதிரே ஒரு கிண்ணம் சுண்டல் வேறு!

விஜயதசமி காலையில் வசந்தாவுக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் சௌக்கியம். எனக்குத் தலைகால் புரியவில்லை! கமலா பேத்தியை வாங்கி விரல், காது, கால் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். மூக்குக்கு வந்ததும் நிறுத்தினாள்.

அச்சு அசல் என் மூக்கு! இந்தப் பக்கத்தின் உச்சியில் ஓவியர் வாராவாரம் வரைகிற என் படத்தின் மூக்கைப் பார்த்திருப்பீர்கள். அது அவர் இரக்கப்பட்டுக் குறைத்துப் போட்டது.

கமலா என்னைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள்.

"மூக்கை மட்டும் அந்த மூணு நாள்லதான் செஞ்சிருக்காரு" என்றாள்.