பட்டியலில் பதினோராவது

நாடாளுமன்ற மேலவை கூடும் நாட்களில் அன்றைய அலுவல் பட்டியலைக் காலையிலேயே இணையத்தில் ஏற்றிவிடுவார்கள். பல் துலக்குவதற்கு முன்பே அதைத் திறந்து பார்த்துவிடுவேன். எனக்கு அது ஒரு பித்து. கேள்வி நேரம், மசோதாக்கள், தீர்மானங்கள் என்று எண் போட்டு வரிசையாக இருக்கும். அவையின் விதிகளைப் பஸ்ஸில் உட்கார்ந்து கதைப் புத்தகம் மாதிரி வாசித்தவள் நான். அரசியல் துறையில் பட்டம், கூலாய் டவுனில் ஒரு செனட்டரின் சேவை மையத்தில் வேலை, சேர்ந்து மூன்றே மாதம். எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்ள அது போதும்.

அந்தத் திங்கட்கிழமை பட்டியலின் பதினோராவது வரி நான் எழுதியது. தோட்டம் கைமாறும்போது அங்கேயே தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்குத் தரை வீடு கிடைக்க அரசாங்கம் வழி செய்ய வேண்டும் என்ற தீர்மானம். செனட்டர் பெயரில் போனாலும் வார்த்தைகள் என்னுடையவை. நான் எழுதியது நாடாளுமன்றத் தாளில் அச்சாகியிருக்கிறது! உடனே அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

சொந்த அக்கா இல்லை. கூலாயை ஒட்டிய செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், குடியிருப்பவர். பக்கத்து ஊர் செனாயில் தொழிற்சாலை வேலை. அவர் கணவருக்குச் சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அந்த நிலையிலும் வீட்டுப் பின்கொட்டகையில் உட்கார்ந்து புல்வெட்டி இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். தோட்டத்தை வாங்கிய கம்பெனி எல்லோருக்கும் மலிவு அடுக்குமாடியில் வீடு தருவதாகச் சொன்னது. லிஃப்ட் கிடையாது. வியாழக்கிழமை மாலை ஐந்துக்குள் தோட்டத்து ஆஃபீஸ் எழுத்தரான கிராணியிடம் கையெழுத்துப் போட வேண்டும். முந்தியவர்களுக்குக் கீழ்த்தளம், பிந்தியவர்களுக்கு மிஞ்சியது, போடாதவர்களுக்குக் கோர்ட். லயத்தில் மற்றவர்கள் எல்லோரும் போட்டுவிட்டார்கள். அக்கா மட்டும், கொட்டகை போட இடமுள்ள தரை வீடுதான் வேண்டும் என்று எங்கள் மையத்துக்கு வந்தார். அவருக்காகத்தான் அந்தத் தீர்மானத்தை எழுதினேன்.

“அக்கா, வந்துருச்சுக்கா! பார்லிமெண்ட்ல வந்துருச்சு!”

“என்னா சொல்ற தங்கச்சி? நம்ம வெசயமா?”

“பதினோராவது. இந்த வாரத்துக்குள்ள பேசிருவாங்க.”

“அப்ப சைன் வெக்க வேணாமா?”

“வெக்காதீங்கக்கா. வெச்சிட்டா அப்புறம் யாருக்காகப் பேசுறது?”

அதைச் சொன்னபோது என் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை காலையிலும் நாங்கள் பதினோராவதுதான். திங்கட்கிழமை முடியாத மசோதா மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. அதன் கீழே புதிதாக இன்னொன்று. சாயங்காலம் வரை பொறுத்திருந்து, கோலாலம்பூரில் இருந்த செனட்டரை, நாங்கள் மரியாதையாக ‘வைபி’ என்று கூப்பிடுபவரை, அழைத்தேன்.

“வைபி, நம்ம தீர்மானம் நாளைக்கு வருமா, வியாழக்கிழமையா?”

அவர் சிரித்தார். “எந்தக் கிழமையும் இல்லமா. அரசாங்க மசோதா எல்லாம் முடிஞ்சாத்தான் நம்மள மாதிரி ஆளுங்க தீர்மானம். அது எங்க முடியுது? அச்சுல வந்துச்சுல்ல, அதுவே பெரிசு. பேச்சுல வந்தா அதிர்ஷ்டம்லா.”

“முன்னாடியே சொல்லிருக்கலாமே வைபி?”

“பட்டம் வாங்குன புள்ள. விதிய எடுத்து வெச்சி எனக்கே பாடம் நடத்துற. ஒனக்குத் தெரியாதுன்னு நான் எங்க கண்டேன்?”

ஃபோனை வைத்துவிட்டுப் பழைய பட்டியல்களைத் தோண்டினேன். எல்லாவற்றிலும் அடியில் சில தீர்மானங்கள். அடுத்த நாளும் அதே வரிகள், அதற்கடுத்த நாளும் அதே வரிகள். கூட்டத் தொடர் முடிந்ததும் காணாமல் போயிருந்தன. அரசாங்க அலுவலுக்கே முன்னுரிமை என்ற விதியை நான் படித்திருந்தேன், மஞ்சள் மைகூடப் பூசியிருந்தேன். அதற்கு இதுதான் அர்த்தம் என்று மட்டும் தோன்றவே இல்லை.

அப்போதே அக்காவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. நாளைக்கு மசோதா சீக்கிரம் முடிந்தாலும் முடியலாம், எதற்கு வீணாகப் பயமுறுத்துவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தது அவர் இல்லை, நான்.

புதன்கிழமை அக்காவிடமிருந்து குரல் பதிவு வந்தது. பட்டியலின் அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து கதவில் ஒட்டியிருக்கிறாராம். “கிராணி வந்தான் தங்கச்சி. எப்ப சைன் வெப்பீங்கன்னான். கதவுல எழுதிருக்கு, படிச்சுக்கன்னேன். அலாமாக், அவன் மூஞ்சியப் பாக்கணுமே!” பின்னால் அவர் கணவர் சிரிப்பதும் கேட்டது. அதை மூன்று முறை கேட்டேன். ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினேன்.

வியாழக்கிழமை அவையின் நேரலையை மையத்துக் கணினியில் திறந்து வைத்தேன். கேள்வி நேரம் முடிந்ததும் ஓர் அமைச்சர் எழுந்தார். மீதமுள்ள அரசாங்க மசோதாக்கள் முடியும் வரை அமர்வு நடக்கட்டும், முடிந்தவுடன் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கலாம் என்று முன்மொழிந்தார். தலைவர் கேட்டார், அவை ஆமோதித்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. பதினோராவது வரியை யாரும் எதிர்க்கவில்லை, தள்ளுபடி செய்யவில்லை, வாயால் உச்சரிக்கவும் இல்லை.

அக்காவை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஃபோனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் தொழிற்சாலை அது. மூன்று மணிக்குத்தான் வெளியே விடுவார்கள். மையத்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு செனாய்க்குப் போனேன். இரண்டு மணியிலிருந்து வாசலில் நின்றேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை எத்தனை விதமாக அமைத்துப் பார்த்தாலும் கடைசியில் அக்காவின் முகம் வந்து நின்றது.

வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் கூட வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார். “இதான் நம்ம பார்லிமெண்ட் தங்கச்சி. என்னமா, பேசிட்டாங்களா?”

“பேசலக்கா. பேசவும் மாட்டாங்க.”

“அப்ப அடுத்த கூட்டத்துல?”

“அதுலயும் இதே கதைதான்க்கா. மசோதாங்களுக்கு அடியிலதான் கெடக்கும்.”

“பேப்பர்ல போட்டுருக்கேமா.”

“போடுவாங்க. அவ்ளோதான்க்கா.”

ஹெல்மெட்டை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். “மணி என்னா?”

“மூணேகால்.”

அவர் மோட்டாரில் முன்னே போனார், நான் பின்னே. தோட்டத்து ஆஃபீஸில் கிராணி எங்களைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“வாங்க வாங்க. என்னா, பார்லிமெண்ட்ல வீடு குடுத்துட்டாங்களா?”

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. “கீழ்த்தளம் எது இருக்கு?”

கிராணி பட்டியலைத் திருப்பிப் பார்த்தார். “கீழ ஒன்னும் இல்ல. நாலாவது மாடியில ரெண்டு இருக்கு.”

“ஒன்னுகூடவா இல்ல? எங்க வீட்டுக்காரருக்குக் காலு இல்லன்னு தெரியும்ல?”

“செவ்வாக்கிழம ராத்திரி வரைக்கும் கீழ ரெண்டு இருந்துச்சு. நேத்துக் காலையில தோட்டத்து மேல்பிரிவு ஆளுங்க வந்து எடுத்துக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடியே, விடியக்காலையில நான் ஒங்க வீட்டுக்கு வந்தது சும்மாவா?”

அக்கா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

இன்று காலையில் என்று சொல்லியிருக்கலாம். அமைச்சர் எழுந்தது இன்று காலைதான். பதிவு இருக்கிறது, நேரம் இருக்கிறது, யாரும் என்னைப் பிடிக்க முடியாது. அந்தப் பதில் அச்சடித்த மாதிரி நாக்கில் தயாராக இருந்தது. அவ்வளவு சுலபமாக அது வந்து நின்றதுதான் அந்த வாரத்திலேயே என்னை அதிகம் பயமுறுத்தியது.

“செவ்வாக்கிழம சாயங்காலம்க்கா.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நாலாவது மாடிக்குப் படி எத்தன?”

“அதெல்லாம் எண்ணலையே,” என்றார் கிராணி.

“அகலமா, குறுகலா? ரெண்டு பேரு சேந்து ஒரு ஆளத் தூக்கிட்டு ஏற முடியுமா?”

கிராணி பேனாவை நீட்டினார். அக்கா நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து மோட்டாரில் ஏறினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

“ஏன் நிக்கிற? வீட்டுக்கு வா,” என்றார். “அவருகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு.”

என் மோட்டார் கிளம்பும் வரை அவர் இஞ்சினை முறுக்காமல் காத்திருந்தார்.