வளைந்த வேரும் வெள்ளிக்கிழமைகளும்

வில்லியனூரை விட்டு மேற்கே நடந்துகொண்டிருந்தேன். வாயெல்லாம் துணி வெளுக்கும் மருந்தின் நாற்றம். சாலையில் கால் வைத்த ஒவ்வொரு கல்லும் நேராகப் போய் என் வலக் கடைவாய்ப் பல்லில்தான் இடித்தது. பல் வைத்தியர் இரண்டு வெள்ளிக்கிழமை செய்த வேலையை நானே பாழாக்கிவிட்ட எரிச்சல் வலியைவிட மோசமாக இருந்தது.

இடது கடைவாய்ப் பற்கள் எப்போதோ போய்விட்டன. கருவாட்டையும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையையும் மெல்ல எனக்கு மிச்சமிருந்தது வலப்பக்கம் அந்த ஒரு பல்தான். அதுவும் போனால் கஞ்சிதான். கஞ்சி குடித்துக்கொண்டு ஊர் ஊராக மூட்டை தூக்க முடியாது.

சைகோனில் பிரெஞ்சுப் பட்டாள ஆஸ்பத்திரியில் பல் வைத்தியம் கற்றவர் ஒருவர், வெள்ளிதோறும் வில்லியனூரில் வந்து உட்காருவார். பிடுங்காமல் காப்பாற்றுகிறேன் என்றார். பல்லைக் குடைந்து வேருக்குள் மெல்லிய கம்பியை விட்டார். அது பாதியில் நின்றுவிட்டது.

"வேரு அருவா மாதிரி வளஞ்சிருக்குபா. கம்பி திரும்பாது. தண்ணிதான் திரும்பும்."

துணி வெளுக்கும் ழாவெல் தண்ணீரை நீர் கலந்து தணித்து, ஊசிக்குழாயால் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டார். வேகமாக விட்டால் வேர் நுனியைத் தாண்டித் தாடைச் சதையை வேகவைத்துவிடுமாம். நடுநடுவே காயத்துக்குப் போடும் நுரை மருந்து. அது பொங்கும்போது உள்ளே அழுகியிருந்ததும் சேர்ந்து வெளியே வந்தது. முதல் வெள்ளி கறுப்பு நுரை, அடுத்த வெள்ளி பழுப்பு. ஒவ்வொரு முறையும் மருந்துப் பஞ்சை வைத்து, மேலே பிசின் போன்ற ஒன்றால் அடைத்தார். "இத்தத் தொடாத. நொரை வெள்ளையா வந்தாதான் மூடுவேன்" என்றார்.

தொட்டேன். மதகடிப்பட்டில் ஒரு பாய் கடையில் மல்லாட்டை மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது குத்தல் எடுத்தது. பாய் ஒரு கிள்ளு புகையிலை கொடுத்தார். ஓட்டைப் பல்லில் புகையிலை வைப்பது எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். கோணி ஊசியால் அடைப்பைக் கிண்டி, பஞ்சைத் துப்பிவிட்டுத் திணித்தேன். வலி மரத்தது. கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வெள்ளி, சைகோன்காரர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"இன்னாபா இது?"

"பொயிலைங்க."

"நான் வளைவுக்கு அந்தாண்டருந்து அழுக்க வெளிய எடுக்கறேன், நீ இந்தாண்டருந்து உள்ள தள்றியா?"

மறுபடி கழுவினார். மறுபடியும் கறுப்பு நுரை. அதில் புகையிலைத் தூள் மிதந்தது.

"புடுங்கிடட்டா? இல்லன்னா மொதல்லருந்து நாலு வெள்ளி. ஒண்ணு தவறுனாலும் நான் கை வெக்கமாட்டேன். உன் காலு ஒரே ஊர்ல நாலு வாரம் நிக்குமா?"

நின்றதில்லை. புது அடைப்போடு கிளம்பிவிட்டேன். பாய் கடையில் போட்டிருந்த துணி மூட்டையை எடுத்துக்கொண்டு விழுப்புரம் பக்கம் போய்விடுவதாக எண்ணம்.

மதகடிப்பட்டில் கடைக்குள் நுழைந்ததுமே, "உன் பொயிலையாலதான் பாய் கெட்டேன்" என்றேன்.

"வலிக்குத்தான குடுத்தேன்? டாக்டர் வெச்சதப் புடுங்கிட்டு வெய்யின்னா சொன்னேன்?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வறுத்த மல்லாட்டையை நீட்டினார். ஒன்றை வாயில் போட்டு, மெல்லத் தைரியமில்லாமல் கையில் துப்பினேன். மூட்டையை எடுக்காமல் உட்கார்ந்தேன்.

"உன் தோட்டத்துக் கெணத்துல மாடு பூட்டித் தண்ணி எறைக்க, கவலை ஓட்ட ஆள் தேடினியே?"

"அந்த வேலைக்கு எவன் நிக்கிறான்? ஒரு மாசம் இருப்பியா நீ?"

"வெள்ளிக்கிழமை வுடணும்."

"வெள்ளிக்கிழமை நான் தொழுவப் போயிடுவேன். மாட்டுக்கும் அன்னிக்கு ஓய்வுதான்."

மறுநாள் காலை கிணற்றடியில் மாடுகளைப் பூட்டினேன். கிணற்றுக்குள் தோல் சால் நிரம்பியதும் மாடுகளைச் சரிவில் இறக்கி ஓட்டவேண்டும், தண்ணீர் கொட்டியதும் பின்வாங்கி மேலே கொண்டுவரவேண்டும். நாள் முழுக்க அதே இருபது அடி.