அத்தான் அடைத்த வழி

அக்காவின் கணவர் நில அளவையாளர். வீட்டு வாசலுக்கு இரண்டு பூட்டு, மேசை இழுப்பறைக்கு ஒன்று, தண்ணீர்த் தொட்டி மூடிக்கும் ஒன்று. வெளியே கிளம்பினால் கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து நான்காவது முறையும் இழுப்பார். 'பூட்டு அத்தான்' என்று பெயர் வைத்தவன் நான்தான். கோபப்பட மாட்டார், சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு சிரிப்பார்.

முப்பது வருடம் வெயிலில் அளந்ததையெல்லாம் வீட்டுக் கணினியில் வரைபடமாகப் போட்டு வைத்திருந்தார். நகல்களும் அதே ஃபோல்டரில்தான். எல்லாம் ஒரே இடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும் அவருக்கு. இரண்டு கண்ணும் மங்கிக்கொண்டே வந்தன. அறுவை சிகிச்சைக்குப் போகும் முன் என்னிடம் சொன்னார்:

"இனிமே புதுசா ஒரு கோடு போட முடியுமான்னு தெரியலை மாப்ளே. போட்டது பத்திரமா இருந்தாப் போதும்."

அவர் கண்ணில் கட்டோடு படுத்திருந்த நாள் மதியம் அக்கா என்னைக் கூப்பிட்டாள். ஐந்து மணிக்குள் ஒரு வரைபடத்தை வக்கீலுக்கு அனுப்ப வேண்டுமாம், நெட் வரவில்லையாம். போய்ப் பார்த்தால் கணினியில் நெட் நன்றாகத்தான் ஓடியது. அத்தானின் வரைபட மென்பொருள் அரதப் பழசு, புதுக் கணினியில் ஓடாது. அதற்காகவே கணினிக்குள் இன்னொரு கணினியை, விர்ச்சுவல் மெஷின் என்பார்களே, அதை வைத்திருந்தார். உள்ளே இருந்த அந்தக் கணினிக்குத்தான் நெட் இல்லை. படங்கள் இருந்த ஃபோல்டர் இரண்டுக்கும் பொது. வெளியிலிருந்தே எடுத்து அனுப்பியிருந்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் எனக்குத் தொழிலே நெட்வொர்க் பழுது பார்ப்பது. ஓடாத ஒன்றைக் கண்டால் என் கை சும்மா இருக்காது.

அமைப்புகளைத் திறந்தேன். கேபிள் இணைப்புக்கு எதிரே டிக் இல்லை. போட்டேன், வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் நெட்வொர்க் கார்டே முடக்கப்பட்டிருந்தது. அதை இயக்கினேன், அப்போதும் வரவில்லை. நெட்டில் கணினிக்கு விலாசம் மாதிரி இருக்கும் ஐ.பி. முகவரியைப் பார்த்தேன். எதற்கும் பொருந்தாத ஓர் எண்ணைக் கையால் அடித்து வைத்திருந்தார். பழுது தானாக வரும்தான். ஆனால் இப்படி வரிசையாக மூன்று வராது. அது எனக்கு உறைக்கவும் செய்தது. இணைப்பின் பெயரைக்கூட மாற்றியிருந்தார்: 'வேண்டாம்'.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இதையும் விட்டுவைக்கவில்லையா இந்த மனுஷன் என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். முகவரியைச் சரிசெய்தேன். நெட் வந்தது. அப்போது எனக்கு வந்த பெருமையை நினைத்தால் இப்போது கூசுகிறது.

படத்தை அனுப்பிவிட்டு அக்கா டீ போடப் போனாள். நான் கிளம்ப எழுந்தபோது ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் மினுங்குவதைப் பார்த்தேன். யாரும் எதையும் தொடவில்லை. ஃபோல்டரைத் திறந்தேன். முதல் படத்தின் பெயர் மாறியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததும் மாறியது, அதற்கடுத்ததும். ஒன்றைத் திறந்தேன். கோடுகள் இல்லை, கிறுக்கல் எழுத்துகள்தான் இருந்தன. மேசைக்கடியில் புகுந்து பவர் வயரைப் பிடுங்கினேன். மறுபடி போட்டுப் பார்த்தபோது முப்பது வருட உழைப்பில் பதினொரு படங்கள் மிஞ்சியிருந்தன.

டீயோடு அக்கா வரும்போதே அவள் போன் அடித்தது. மருத்துவமனையிலிருந்து அத்தான். காலையில் நெட் வரவில்லை என்று அவரிடமும் சொல்லியிருக்கிறாள்; அவருக்கு அப்போதிருந்து இருப்புக்கொள்ளவில்லையாம். என்னிடம் கொடுக்கச் சொன்னார். நாலு வருடம் முன்பு ஒரு மெயிலில் ஏதோ வைரஸ் வந்து அந்த உள் கணினியில் உட்கார்ந்துகொண்டதாம். வெளியிலிருந்து உத்தரவு வந்தால்தான் அது கிளம்புமாம். அழித்துவிட்டு மறுபடி போடலாம் என்றால் மென்பொருளின் டிஸ்க் தொலைந்துவிட்டது. அதனால் வழியை மட்டும் அடைத்து வைத்தாராம்.

"உங்கக்காவுக்குச் சொன்னா பயப்படுவான்னு சொல்லலை. மூணு பூட்டு போட்டிருக்கேன். நீ எதையும் தொடலையே மாப்ளே?"

அக்கா கையில் டீயோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை அத்தான்," என்றேன்.

அப்பாடா என்று மூச்சு விட்டார். நாளைக் காலையில் கட்டைப் பிரிக்கிறார்களாம்.