தோட்டத்து அறைக்கு ஒரு ஒயர்

சேலியமேட்டில் தணிகைவேல் வீட்டுக்குள் ஒரு எலக்ட்ரீஷியன் கால் வைத்ததில்லை. பிளம்பரும் அப்படித்தான். கூப்பிட்டால் வருவார்கள், அவர் கூப்பிடமாட்டார். மூன்று ஏக்கர் கரும்பு, ஒரு போர், அதற்குள் கிடக்கும் மோட்டார், வீட்டு ஃபேன், மிக்சி எல்லாவற்றுக்கும் அவரே டாக்டர். இந்த ஐம்பத்தெட்டு வயதுக்குள் அவர் பிரித்துப் பார்க்காத பொருள் வீட்டில் மாமியார் போட்டோ ஒன்றுதான் என்பாள் மனைவி விஜயகுமாரி. மோட்டார் ஒயரில் அவர் போட்ட ஜாயிண்ட் இருபத்திரண்டு வருஷமாகத் தண்ணீருக்குள் கிடக்கிறது, ஒரு சொட்டு உள்ளே புகுந்ததில்லை. கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லியிருக்கிறார்.

ஒரே பெண் பிரவீணா. பெங்களூரு கம்பெனியில் வேலை. கொரோனாவுக்கு ஊருக்கு வந்தவள் அப்படியே வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் சத்தம், கோயில் ஸ்பீக்கர் சத்தம், அம்மா சத்தம் மூன்றும் மீட்டிங்கில் கேட்கிறது என்று ஒருநாள் சொன்னாள். அவ்வளவுதான், தோட்டத்துக் கோடியில் உரமூட்டை அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, ஏசி மாட்டிக் கொடுத்துவிட்டார். மகள் கண்ணெதிரில் இருக்கிறாள், மத்தியானம் குரல் கொடுத்தால் சோறு தின்ன வருகிறாள் என்பதில் மனிதருக்குக் கொள்ளை சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளமாட்டார். கண்ணு பட்டுவிடும்.

ஒரே ஒரு இடைஞ்சல். மோடம் இருப்பது தெருப்பக்கத்துக் கூடத்தில். அறையோ அறுபது மீட்டர் தள்ளி. நடுவில் ரெண்டு சுவர், நாலு தென்னை, ஒரு மாட்டுக்கொட்டகை. வைஃபை கொட்டகை வரைக்கும் வந்து நின்றுவிடும். மாட்டுக்கு அதனால் பிரயோசனம் இல்லை.

ஒரு வியாழக்கிழமை பிரவீணா வந்து நின்றாள்.

"அப்பா, கம்பெனில கண்டிசனா சொல்ட்டாங்க. திங்கக்கிழமை பத்து மணிக்கு நெட்ட டெஸ்ட் பண்ணுவாங்களாம். ஒயர்ல வந்தாதான் ஒத்துக்குவாங்க. ஃபெயிலானா பெங்களூருக்கே வந்துடணுமாம்."

"அவ்ளோதானா? ஒயர இழுத்துட்டா முடிஞ்சிது."

"அறுவது மீட்டர்பா. அவ்ளோ தூரம் வருமா?"

"ஏரிலேர்ந்து தண்ணியே வருது. நெட்டு வராதா?"

அப்போது பெண்ணின் முகத்தை அவர் பார்த்திருக்கலாம். எங்கே பார்த்தார்? மனசுக்குள் பள்ளம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்.

பாகூரில் கேபிள் டிவியும் கேமராவும் மாட்டிக் கொடுக்கும் அன்புராஜிடம் ஒயர் கேட்டார். நானே வந்து இழுத்துத் தருகிறேன் என்றான் அவன். "நீ ஒயரக் குடு, போதும்" என்று, ஒவ்வொன்றும் ஒரு முனையில் மோடத்தில் செருகும் கிளிப் போட்டிருந்த ரெண்டு மிச்சத் துண்டுகளை வாங்கி வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பள்ளம் வெட்டினார். அறைப்பக்கம் நாலு விரல் தாழ்வாக வாட்டம் வைத்துத்தான் வெட்டினார். எதுவானாலும் வாட்டம் இருந்தால் தடையில்லாமல் போகும் அல்லவா? பிறகு ரெண்டு துண்டையும் சேர்க்க உட்கார்ந்தார். உள்ளே நூல் மாதிரி எட்டு ஒயர். எட்டு எதற்கு? ஏழரை எச்.பி. மோட்டாரே மூன்றில் ஓடுகிறது! எட்டையும் மூன்று கத்தையாகச் சேர்த்து முறுக்கி, ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றினார். மோட்டார் ஜாயிண்டுக்குச் செய்கிற மாதிரி பக்கெட் தண்ணீரில் அரைமணி நேரம் முக்கி வைத்துப் பார்த்தார். தண்ணீர் புகவில்லை. மாட்டிப் பார்த்தார். நெட்டும் புகவில்லை.

சனிக்கிழமை அன்புராஜ் வந்தான். ஜாயிண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, இத போர்ல எறக்குனா நூறு வருசம் தாங்கும். நெட்டுக்கு ஆவாது. எட்டும் தனித்தனியா, நடுவுல வெட்டில்லாம ஒரே ஒயராப் போவணும்."

அந்தத் தோட்டத்தில் வெளியாள் ஒருவன் வேலை செய்ய, தணிகைவேல் பக்கத்தில் நின்று பிளாஸ்டிக் பைப்பை எடுத்துக் கொடுத்தார். பெண்ணுக்காக அதையும் முழுங்கிக்கொண்டார். புது ஒயர், மோட்டார் லைனுக்கு ஒரு முழம் தள்ளிப் பைப்புக்குள் போனது. டெஸ்டரை மாட்டியதும் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன. "டவுன்லகூட இந்த ஸ்பீடு கிடையாதுண்ணே" என்ற அன்புராஜ், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ரெண்டு கிளிப்பும் அதை ஒயரில் அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூலும் கொடுத்து, போடும் விதத்தையும் காட்டிவிட்டுப் போனான்.

"மழை பேஞ்சா இன்னாப்பா பண்றது?" என்றாள் பிரவீணா.

"பைப்புக்குள்ள போவுதும்மா. நனையாது."

"கரண்டு போச்சுன்னா?"

ஞாயிற்றுக்கிழமை மோடத்துக்கு இன்வெர்ட்டர் லைன் கொடுத்தார். அதற்குமேல் கேட்க அவளுக்கு எதுவும் அகப்படவில்லை. சூப்பர்ப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் அன்று ராத்திரி ரெண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு அறை வாசலிலிருந்து குரல் வந்தது. "அப்பா, நெட்டு வரல!"

கூடத்தில் மோடம் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. பள்ளத்தில் போட்ட மண் போட்டபடி இருந்தது. அறைக்குள் போய் மேஜையை நகர்த்திப் பார்த்தார். ஒயர் ரெண்டாகக் கிடந்தது.

"எலி கடிச்சிடுச்சி போலப்பா."

கரும்புக்காரனிடம் போய் எலி என்று சொல்லலாமா? முப்பது வருஷமாக எலி கடித்ததைப் பார்த்துத்தான் அவர் வயிறெரிந்துகொண்டிருக்கிறார். எலி சுரண்டிச் சுரண்டிக் கடிக்கும். பல் பதிந்திருக்கும், கீழே தூள் கொட்டியிருக்கும். இது ஒரே வெட்டு. மேஜைமேல் கத்தரிக்கோல் இருந்தது, அதன் வாயில் ஒயரின் நீலத்தோல் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

கோபம்தான் முதலில் வந்தது. நாலு நாள் உழைப்பு, அடுத்தவன் கையில் வேலையைக் கொடுத்த அவமானம், எல்லாம் சேர்ந்து வந்தது. திட்டுவதற்காகத் திரும்பினார். பிரவீணா சுவரைப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

"ஏம்மா, போவணும்னா வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? நான் வேணாம்னா சொல்லப் போறேன்?"

"நீ வேணாம்னுதான்பா சொல்லியிருப்ப."

தணிகைவேல் யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார்.

"ஆமா," என்றார். "சொல்லித்தான் இருப்பேன்."

கிளிப் ரெண்டும் சட்டைப்பையிலேயே இருந்தன. அஞ்சு நிமிஷ வேலை. பத்து மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அவர் மேஜையைப் பழையபடி சுவரோரம் தள்ளிவிட்டார்.

"யார்கிட்டயும் எலின்னு மட்டும் சொல்லி வைக்காத. நம்ம எலிங்களுக்கு இவ்ளோ நறுவிசா வெட்டத் தெரியாது."

பிரவீணா அழுகையும் சிரிப்புமாக அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். வெளியே வந்தபோது விஜயகுமாரி வீட்டுப் பின்வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"நெட்டு வந்துச்சா இல்லியா?"

"வரல. பாப்பா பெங்களூரு போவுது."

"அய்யய்ய, யாரு போவச் சொன்னது?"

"நான்தான்," என்றார் தணிகைவேல்.