போன் இல்லாமல் ஓர் ஒகேனக்கல் பயணம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மகள் யாழினியும் மட்டும் ஒகேனக்கல் போய் வந்தோம். தர்மபுரியில் குடியிருந்துகொண்டு ஒகேனக்கலுக்குப் பயணக் கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள் ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் கிளம்பும்போதெல்லாம் அழுதாள். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். நான் வீட்டிலிருந்தபடி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டுச் சேலை விற்கிறவள். அவளைக் கேட்கும்போதும் என் கண் போனில்தான் இருக்கும். பிள்ளை எப்படி வாய் திறக்கும்? போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

காலை ஏழரைக்குப் பேருந்து. பென்னாகரம் வழியாக நாற்பத்தாறு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். மலை இறக்கத்தில் வளைவுகள் அதிகம், எலுமிச்சம்பழம் எடுத்துப்போங்கள். வழியெல்லாம் என் கை, இல்லாத போனைத் தேடிப் பையைத் துழாவிக்கொண்டே வந்தது. அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பரிசலுக்கு நான்கு பேர் வரை ஒரே கட்டணம். கவுன்டர் பலகையில் எழுதியிருக்கும். நாங்கள் ஒட்டி உட்காரப் போனோம். பரிசல்காரர் விடவில்லை.

"எதிரும் புதிருமா உக்காருங்கம்மா. ரெண்டு பேரும் ஒரே பக்கம்னா சாஞ்சிக்கும்ங்க."

முக்கால் மணி நேரம் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்த முன்பல் பாதி முளைத்திருந்தது. எப்போது முளைத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

நடு ஆற்றில் பரிசலைச் சுழற்றிக் காட்டுவது அவர்கள் வழக்கம். அதற்கு முன் யாழினி கேட்டாள்.

"அம்மா, நெஜமாவே போன் எடுத்துட்டு வர்லதான?"

"இல்ல கண்ணு."

அப்புறம் பரிசல் சுழன்றபோது அவள் போட்ட கூச்சல் கர்நாடகக் கரை வரை கேட்டிருக்கும்.

மதியம் கெண்டை மீன் வறுவல், இரண்டு துண்டு நூற்றிருபது ரூபாய். கெண்டையில் முள் எடுக்க இரண்டு கையும் வேண்டும். நான் எடுத்துக்கொண்டிருந்தபோது அவளாகவே ஆரம்பித்தாள்.

"அம்மா, கிளாஸ்ல எல்லாரும் என்னைத் துண்டுச்சேலைன்னு கூப்புடறாங்க. அவங்கவங்க அம்மா போன்ல பாத்தாங்களாம்."

கவுன் மேல் துண்டைச் சேலையாகச் சுற்றிக்கொண்டு அவள் ஆடியதை வீடியோ எடுத்து, 'எங்கள் புது மாடல்' என்று நான்தான் ஸ்டேட்டஸில் போட்டிருந்தேன். வகுப்புத் தாய்மார்களில் பாதிப்பேர் என் வாடிக்கையாளர்கள். ஒரே நாளில் தானாக அழிந்துவிடுவதுதானே என்று நான் மறந்துவிட்டேன். பிள்ளைகள் மறக்கவில்லை.

"தப்பு என்மேலதான்டி. இனிமே உன்னக் கேக்காம எதையும் போட மாட்டேன்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மொதல்ல முள்ள எடு" என்று வாயைத் திறந்தாள்.

போகிறவர்களுக்கு: மாற்றுத்துணி கட்டாயம். நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், முதல் நாளே விசாரியுங்கள். போனை விட்டுப் போவதென்றால் கையில் ரொக்கம் இருக்கட்டும். வியாபாரத்தை நான் விடவில்லை, விடவும் முடியாது. மாலை ஆறு மணிக்குமேல் அவள் தூங்கும் வரை போன் அலமாரியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். துண்டு சமாச்சாரத்தை எழுதலாமா என்று கேட்டேன். நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"எழுதிக்க. ஆனா என் பேரு போடாத."

அதனால், அவள் பெயர் யாழினி இல்லை.