டின்பால் குடித்து எழுதிய சோதனை

போன மாதம் எங்கள் மீனவர் சங்கக் கட்டடத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஒரு இளம் டாக்டர் பிள்ளை வந்திருந்தார். பக்கட்டிலும் போத்தலிலும் அடைத்து வருகிற சாமான்களைத் தின்றுகொண்டே இருந்தால் இரத்தத்தில் சீனி ஏறும், ஈரலில் கொழுப்புப் படியும், மூளை மந்தமாகும், பிள்ளைகளுக்குப் படிப்பில் கவனம் நிற்காது என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். சனம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. எனக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. இந்தச் செட்டிபாளையத்தில் அந்த விஷயத்தைப் பத்து வயதிலேயே உடம்பில் அனுபவித்து அறிந்த ஆள் நான். எழும்பி நின்று அதைச் சொன்னேன். டாக்டர் பிள்ளை மரியாதையாகச் சிரித்து, எப்படி ஐயா என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கும்போது தேநீர் வந்துவிட்டது. தேநீர் வந்த பிறகு எங்கள் ஊரில் யாரும் யாருடைய பேச்சையும் கேட்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவன் அல்ல. ஆனால் இன்றைக்கு இரண்டு ஐஸ் தொழிற்சாலை வைத்திருக்கிறேன். பொறியியல் படித்த பிள்ளைகள் எந்திரம் நின்றுபோனால் என்னிடம் வருவார்கள். நான் எந்திரத்தில் காதை வைத்துப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் கோளாறு என்று சொல்லுவேன். ஒரு நாளும் பிழையாகச் சொன்னதில்லை. இப்படிப்பட்ட தலை ஏன் ஐந்தாம் வகுப்போடு நின்றது என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குக் காரணம் என் மாமா. அம்மாவின் கூடப்பிறந்த தமையன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அப்பா கலியாணம் முடித்து அம்மாவின் வீட்டுக்கு வந்தவர். ஆகவே அந்த வீட்டுக்குள் மாமா சொன்னால் சொன்னதுதான். அப்பாவின் அதிகாரம் வாவிக்கரையில் கட்டியிருந்த தோணியோடு முடிந்துவிடும். அப்பா வலை போடுவார், மீன் கொண்டுவருவார், பேசாமல் சாப்பிடுவார். மாமா ஒரு முதலாளியின் லொறி ஓட்டினார். கிழமைக்கு ஒரு தடவை இறால் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வருவார். கொழும்பைப் பார்த்த ஆள் என்றால் அந்த நாளில் எங்கள் தெருவில் அரை அரசாங்கம்.

அந்த வருஷம் நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனைக்கு நின்றேன். பாஸ் பண்ணினால் பட்டினத்துப் பெரிய பள்ளிக்கூடம், விடுதி, காலுக்குச் சப்பாத்து. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் சப்பாத்துப் போட்டதில்லை. அம்மாவுக்கு அதுதான் கனவு. நான் மின்விசிறிக்குக் கீழே குந்தியிருந்து பேனையால் எழுதுகிற மாதிரி அவர் அயல் பெண்களிடம் சொல்லத் தொடங்கிவிட்டார். சும்மா சொல்லவில்லை. பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லுகிற பிள்ளை எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்தன்தான். இந்தப் பையன் போவான் என்று வாத்தியாரே அம்மாவிடம் சொல்லியிருந்தார். விஷயத்தை அப்படியே விட்டிருந்தால் போயிருப்பேன்.

ஆனால் அதே வருஷம்தான் அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டது. அதுவரை பாண் ரொட்டிக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற சனத்துக்கு முன்னால் திடீரென்று சீனி போட்டுக் காய்ச்சிய டின்பால், சத்துமா டின், கிறீம் பிஸ்கட், கலர் கலராகச் சோடா. மாமா கொழும்பிலிருந்து திரும்பி வந்த ஒரு பின்னேரம் லொறியின் முன் ஆசனத்திலிருந்து ஒரு பெட்டியை இறக்கி முற்றத்தில் வைத்தார். கோயில் பெட்டகத்தைத் திறக்கிற மாதிரித் திறந்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு விளக்கம் சொன்னார். கொழும்பில் இறால் இறக்கப் போகிற பெரிய வீடுகளில் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாராம். எல்லாம் டாக்டருக்கும் எஞ்சினியருக்கும் படிக்கிற பிள்ளைகளாம்.

"அவனுகள் பிட்டும் மீனுமா திங்கிறானுகள்? டின்னுல வாறதத்தான் திங்கிறானுகள். மறுகா எப்பிடி மூளை வளராம இரிக்கும்?"

அம்மா பெட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு போனார். அன்றையிலிருந்து என் சாப்பாடு மாறியது. காலையில் மா டின்னிலிருந்து ஆறு கரண்டி போட்டுச் சேறு மாதிரிக் கலக்கிய ஒரு கோப்பை. பள்ளிக்கூடத்துக்கு கிறீம் பிஸ்கட். பின்னேரம் எருமைத் தயிரில் டின்பால் ஊற்றிப் பிசைந்து ஒரு சட்டி. ஒவ்வொரு டின்னையும் மாமாதான் உடைப்பார். பழுதாகிய சாமான் பிள்ளையின் வயிற்றுக்குள் போகக் கூடாது என்று முதலில் தானே கால்வாசியைக் குடித்துப் பார்ப்பார். அடிப்பக்கத்திலும் பழுது இருக்கலாம் என்று கடைசிக் கால்வாசியையும் அவரே பார்ப்பார்.

எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பது டின்னில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. மாமாவுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் டின்னில் ஒரு படம் இருந்தது. வெள்ளையும் சிவப்புமாக ஒரு குழந்தை, பணியாரம் மாதிரிக் கன்னம், மடியில் ஒரு புத்தகம். மாமா படத்தை வாசித்தார். அந்தக் கன்னம் வரும்வரை கொடுக்கவேண்டும், வந்தால் புத்தகம் தானாக வரும். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை என்னை முற்றத்தில் நிறுத்தி, டின்னை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்து பார்ப்பார். இன்னும் கொஞ்சம் வரவேணும் என்பார். தெருச் சனம் வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு, இடது பக்கம் வந்துவிட்டது, வலது பக்கம்தான் பிந்துகிறது என்று ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லும்.

எனக்கோ பெரிய சந்தோஷம். ஒரு மாதத்துக்குள் சோறு வேண்டாம் என்றுவிட்டேன். அப்பா ஓரா மீன் பிடித்து வந்து, அம்மா புளியாணக் குழம்பு வைத்தால், அந்த மணமே பிடிக்கவில்லை என்று மூக்கைப் பொத்துவேன். அப்பா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பேசாமல் சாப்பிடுவார். ஒரே ஒரு நாள்தான் வாயைத் திறந்தார்.

"மச்சான், புள்ள ஏறினா தோணி ஒரு பக்கம் சரியுது. மூளை அங்கதான் வளருதோ?"

"மூளைக்கும் பாரம் இரிக்கித்தானே" என்றார் மாமா. அப்பா எழும்பி வலை பின்னப் போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தில் நிலைமை வேறு. இடைவேளைக்குப் பிஸ்கட் தின்றுவிட்டு வந்தால் அரை மணித்தியாலம் நான் ராசா. வாத்தியார் கேள்வியை முடிக்க முன்னமே விடை சொல்லுவேன், வாங்குப் பலகையில் நிற்கமாட்டேன், இருக்கமாட்டேன். அதற்குப் பிறகு யாரோ விளக்கைத் தணித்த மாதிரி இருக்கும். கண் செருகும். பதினாறாம் வாய்ப்பாட்டில் ஏழு பதினாறு எங்கேயோ தொலைந்துபோகும். தேடிக்கொண்டு போகிற வழியில் நித்திரையாகிவிடுவேன். வாத்தியார் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் முறைப்பட்டார். பிள்ளைக்கு என்ன வருத்தம், முன்னம் இப்படி இல்லையே என்றார். அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. மாமா இரண்டு பேரையும் ஆற்றினார்.

"கைப்புள்ள ஏன் நாள் முழுக்க நித்திரை கொள்ளுது? மூளை வளருற நேரம் நித்திரை வரும். சேர், இது நல்ல குறி."

வாத்தியாருக்கும் ஒரு கோப்பை கலக்கிக் கொடுத்தார். வாத்தியார் குடித்துவிட்டு, ருசி நல்லம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சோதனை நாள் வந்தது. சோதனை களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில். அம்மா விடியவே எழும்பி, பயத்தில் பழைய புத்தி வந்து, பிட்டு அவித்து மீன் பொரித்து வைத்திருந்தார். மாமா பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். பிட்டுத் தின்றால் சோதனை மண்டபத்தில் நித்திரை வருமாம். அம்மா தட்டை எடுத்துவிட்டார். எனக்கு அரை டின் டின்பால், ஒரு கோப்பை மாக் கரைசல், ஒரு பக்கட் கிறீம் பிஸ்கட். லொறியில் ஏறிய பிறகு ஒரு ஒரேஞ் சோடா. இறால் மணத்தோடு, வெள்ளைச் சட்டையோடு, மினிஸ்டர் போகிற மாதிரிப் போனேன்.

முதல் அரை மணித்தியாலம் நான் எழுதின வேகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பக்கத்துப் பிள்ளைகள் பெயர் எழுதி முடிக்க முன்னமே நான் இரண்டாம் பக்கத்தில் நிற்கிறேன். கால் மேசைக்குக் கீழே தையல் மெசின் மாதிரி ஆடுகிறது. சில கேள்விகளை வாசிக்கவே இல்லை. பார்த்தவுடன் விடை வந்தது. எந்தக் கேள்விக்கு வந்த விடை என்று மட்டும் தெரியவில்லை. விரலில் ஒட்டியிருந்த டின்பாலுக்கு ஒரு எறும்பு வந்தது. அதைத் தட்டிவிட்டேன். அது தன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. விடைத்தாளில் எறும்பு எது, எழுத்து எது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது விளக்குத் தணிந்தது.

உடம்பெல்லாம் வேர்த்தது. அடுத்த கணக்கில் ஒரு தோட்டம், அதில் பதினாறு வரிசையில் மாமரம் நின்றது, ஒரு வரிசைக்கு ஏழு. எனக்கு மரம் தெரிந்தது, நிழலும் தெரிந்தது. நிழலில் படுத்துவிட்டேன். மேற்பார்வைக்கு நின்ற ரீச்சர் தோளில் தட்டி எழுப்பினார். மறுபடியும் படுத்தேன். மறுபடியும் தட்டினார். மூன்றாம் தடவை அவர் தட்டும்போது மணி அடித்துவிட்டது. என் தாளில் கன்னத்தின் அடையாளம் அழகாக விழுந்திருந்தது. மாமா அளந்து பார்க்க ஆசைப்பட்ட கன்னம்.

முடிவு வந்தபோது அதில் என் பெயர் இல்லை. பட்டினத்துப் பள்ளிக்கூடமும் இல்லை, சப்பாத்தும் இல்லை. அம்மா இரண்டு நாள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மாமா மட்டும் மனந்தளரவில்லை. முற்றத்தில் நின்றுகொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"ஒரு டின் குறைஞ்சு போச்சு."

அப்பா அடுத்த நாள் விடிய என்னைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போனார்; பள்ளிக்கூடம் அதோடு நின்றது. இரண்டு மாதம் அவரோடு தண்டு வலித்து, அவர் சாப்பிட்டதையே சாப்பிட்டேன். தோணி நேரே நின்றது. ஏழு பதினாறு நூற்றிப் பன்னிரண்டு என்று வாவி நடுவில் ஒரு காலையில் தானாக நினைவுக்கு வந்தது. ஆனால் அதைக் கேட்க அங்கே ரீச்சர் இல்லை, கொக்குத்தான் நின்றது. மீன் பழுதாகாமல் கரைக்கு வரவேண்டும் என்றால் ஐஸ் வேண்டும் என்று நான் யோசிக்கத் தொடங்கியதும் அந்தத் தோணியில்தான். அது வேறு கதை. பெரிய கதை.

இதையெல்லாம் அந்த டாக்டர் பிள்ளையிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். ஆனால் அவர் கூட்டத்தின் கடைசியில் இன்னொரு படம் போட்டார். நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தின் அறிகுறிகள். அடங்காத தாகம், அடிக்கடி சலம் கழிக்க ஓடுவது. நான் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டேன்.

பத்து வயதில் அந்தச் சோதனை முடிந்து நான் வெளியே வந்தபோது, பள்ளிக்கூடத்துக் காவல்காரர் மாமாவை ஏசிக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு வைத்த தண்ணீர்ப் பானையை ஒரே ஆள் குடித்து முடித்துவிட்டாராம். குடிக்கிறதும் வேலிக்குப் பின்னால் ஓடுகிறதும் வந்து மறுபடி குடிக்கிறதுமாக நின்றாராம். வீட்டுக்கு வரும் வழியில் மூன்று இடத்தில் லொறியை நிறுத்தி இறங்கிப் போனார். ஒவ்வொரு தடவையும் முகம் வேர்த்துத் திரும்பி வந்து, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எனக்கென்று மிச்சம் வைத்திருந்த சோடாவை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். அதற்குச் சில வருஷங்களுக்குப் பிறகு அவருடைய காலை எடுத்தார்கள். அதற்கும் பிறகு கண் போனது.

அன்றைக்கு லொறியில் பக்கத்தில் குந்தியிருந்த எனக்கு அதொன்றும் தெரியாது. என்னுடைய சோதனையை நினைத்துத்தான் மனுசன் இப்படித் தவிக்கிறார் என்று நினைத்தேன். தகப்பன்கூட இப்படித் தவிக்கமாட்டார் என்று நினைத்தேன். அவரைத் தேற்றவேண்டும் என்று, "நல்லா எழுதியிரிக்கன் மாமா, பயப்படாதீங்க" என்று சொன்னேன். பிஸ்கட் பக்கட்டில் கடைசியாகக் கிடந்த இரண்டையும் எடுத்து அவருடைய வாயில் நானே ஊட்டிவிட்டேன்.