இரண்டு மணியடித்து நின்ற தொலைபேசி

அண்ணனுக்காக வந்திருந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நீங்கள் இதைப் படிக்கும்போது பதினாறாம் நாள் காரியம் முடிந்திருக்கும். குடும்பத்தில் நான் பள்ளி ஆசிரியை என்பதால் எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார்கள். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். குவீன் ஸ்திரீட் அச்சகத்துக்காரர் இன்று மாலை வீட்டுக்கே ஆள் அனுப்பிவிட்டார். "டீச்சர், நாளைக்குக் காலையில தாள் வரலைன்னா, படத்தையும் தேவாரத்தையும் மட்டும் போட்டு முடிச்சிடுவாராம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் அந்த ஆள்.

இதே மேசையில் இன்னொரு தாளும் கிடக்கிறது. என் மகள் விமானிப் பயிற்சிக்குச் சேர்வதற்கான சம்மதப் படிவம். தந்தையின் கோட்டில் என் கணவர் கையெழுத்திட்டுவிட்டார். தாயின் கோடு வெறுமையாக இருக்கிறது. அண்ணன் என்னிடம் கடைசியாகக் கேட்டது அந்தக் கையெழுத்தைத்தான். நான் கொடுக்கவில்லை. "இந்தத் தடவ போயிட்டு வாங்கண்ணே, அப்புறம் பேசிக்கலாம்" என்றேன். இந்த வார முடிவுக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும்.

அண்ணன் பிறந்து வளர்ந்தது பட்டர்வொர்த்தில். துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பா, அண்ணனுக்குப் பதினைந்து வயதாகும்போது தவறிவிட்டார். அதன்பின் அண்ணன் மாலை நேரங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வீட்டைத் தாங்கினார். அவரைவிட எட்டு வயது இளையவளான என்னையும் அந்தப் பிள்ளைகளோடு உட்கார வைப்பார். தலைக்குமேல் போர் விமானங்கள் போகும்போது வீட்டுக் கண்ணாடிகள் அதிரும். நான் காதைப் பொத்திக்கொள்வேன். அண்ணன் பாடத்தை நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடுவார். இருவருக்கும் இருந்த வித்தியாசம் அன்றும் அதுதான், இறுதிவரையிலும் அதுதான்.

ஆகாயப்படையில் சேர்ந்து, சரக்கு விமானங்களை ஓட்டி, எழுபதுகளின் பிற்பாதியில் அவர் ஒரு தனியார் ஜெட் கம்பெனிக்கு மாறினார். எட்டே இருக்கைகள் கொண்ட விமானம். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தின் ஓரத்தில் நிற்கும். அதில் போகிறவர்கள் தவுக்கேமார்கள் என்று இங்கே சொல்லும் பெரிய சீன வியாபாரிகள், தொழிற்சாலை முதலாளிகள். யார் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்பது வெளியே கசிந்தால் அவர்களுடைய வியாபாரம் கெட்டுவிடும். ஆகையால் விமானிகள் வீட்டில்கூட வாய் திறக்கக் கூடாது என்பது கம்பெனியின் கண்டிப்பு. நம்மிடமோ, வெளியே கிளம்புகிறவரை "எங்கே" என்று கேட்கக் கூடாது என்ற வழக்கம் உண்டு. அவர் சொல்லக் கூடாது, நாங்கள் கேட்கக் கூடாது. இப்படியே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அண்ணன் எங்கள் கண்முன்னே கிளம்பி, எங்களுக்குத் தெரியாத ஊர்களுக்குப் போய்வந்தார்.

பட்டர்வொர்த்துக்கு எதிரே, கடல் தாண்டித் தீவிலுள்ள கெலுகோரில் எங்கள் வீடும் அண்ணன் வீடும் அடுத்தடுத்து இருந்தன. தொலைபேசி எங்கள் வீட்டில் மட்டுமே. அதனால் அண்ணன் ஒரு வழி செய்தார்.

"தங்கச்சி, போன் ரெண்டு தடவ அடிச்சு நின்னுச்சுன்னா நான் எறங்கிட்டேன்னு அர்த்தம். எடுத்துடாதே. பக்கத்துல தவுக்கே நிப்பாரு, என்னால பேச முடியாது."

"மூணாவது தடவ அடிச்சா?"

"அது உன் வீட்டுக்காரருக்கு வர்ற போன். எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

பள்ளி விட்டு வந்ததும் தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்துவேன். இரண்டு மணி அடித்து நின்றதும் சுவரைத் தட்டுவேன். அந்தப் பக்கம் அண்ணியும் தட்டுவார். அதற்குப் பிறகுதான் எங்கள் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியும்.

ஒருமுறை இந்த ஏற்பாடு தவறிப்போனது. பள்ளி விடுமுறைக் காலம். கோலாலம்பூரிலிருந்து எங்கள் சின்னம்மா வந்திருந்தார். காலையில் அண்ணன் கிளம்பும்போதே வானம் கறுத்திருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குள் மணி அடிக்க வேண்டும். நான் கொடியிலிருந்து துணி எடுக்கப் பின்பக்கம் போன நேரத்தில் தொலைபேசி அடித்திருக்கிறது. திரும்பி வந்தபோது சின்னம்மா கையில் ரிசீவரோடு நிற்கிறார்.

"யாருன்னு தெரியல. அடிச்ச ஒடனே எடுத்துட்டேன். ஹலோ ஹலோன்னு கத்துறேன், வச்சுட்டான். மரியாதை தெரியாதவன்."

ஒரு மணிதான் அடித்திருந்தது. அது அண்ணனா, வேறு யாராவதா? வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். கடல் பக்கம் வெளிச்சமே இல்லை. மழை சுவர்போல் நின்றது. கம்பெனி அலுவலகத்தை அழைத்தேன். எடுத்தது நம் தமிழ்ப் பெண்தான்.

"சொல்லக் கூடாதுலா அக்கா. சொன்னா என் வேலை போயிடும்."

"ஊரைச் சொல்ல வேணாம்மா. எறங்கிட்டாரான்னு மட்டும் சொல்லு."

"அதுவும் சொல்லக் கூடாதுலா."

சின்னம்மா சும்மா இருக்கவில்லை. நான் முகம் கழுவப் போன சமயம் பார்த்து நான்கு உறவினர்களுக்குச் சொல்லிவிட்டார். பிறகு தொலைபேசி ஓயவே இல்லை. ஒவ்வொரு முறையும் இரண்டாவது மணி அடிக்கும்வரை எண்ணுவேன், மூன்றாவதும் அடிக்கும். எடுத்தால், "தகவல் கெடைச்சுதாம்மா?" என்று பட்டர்வொர்த் சித்தப்பா.

"நீங்க போனை வச்சாத்தான் சித்தப்பா தகவல் கெடைக்கும்!"

அவர் வைத்துவிட்டு, பெர்ரிப் படகு ஏறி நேரில் வந்துவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். அண்ணி சாமிப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மாலை ஆறு மணிக்கு, நனைந்த தொப்பியோடு, கையில் மேடான் ஊர்ப் பலகாரப் பெட்டியோடு அண்ணன் உள்ளே வந்தார். பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார்.

"என்ன எல்லாரும் கூடியிருக்கீங்க? யாரு போயிட்டாங்க?"

"நீங்கதான்" என்றார் அண்ணி. சொல்லிவிட்டு அப்போதுதான் அழுதார்.

அந்தப் பலகாரத்தை யாரும் தொடவில்லை. சின்னம்மா மட்டும் இரண்டு எடுத்துக்கொண்டார்.

அன்று முதல் என் பயம் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை. என் மகளோ அண்ணனிடம் உட்கார்ந்து மேகங்களின் பெயர்களைப் படித்தாள். அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளைத்தான் பிள்ளையாக நினைத்தார். அவளுக்கு விமானிப் பயிற்சியில் இடம் கிடைத்தபோது, "ஒரு ஆளுக்குக் காத்திருந்தது போதும்ணே, இன்னொரு தடவ என்னால முடியாது" என்று சொன்னேன். அண்ணன் கோபப்படவில்லை. அப்புறம் பேசிக்கலாம் என்று நான் சொன்னதும் படிவத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அன்று பிற்பகல் தொலைபேசி இரண்டு மணி அடித்து நின்றது. சுவரைத் தட்டினேன். அண்ணியும் தட்டினார். இறங்கிவிட்டார் என்று நிம்மதியாகச் சமைத்துச் சாப்பிட்டோம். மறுநாள் காலை மீண்டும் அடித்தது. மூன்று, நான்கு, ஐந்து. எடுத்தேன். அண்ணனோடு பறக்கும் துணை விமானி, ஒரு மலாய்க்காரத் தம்பி. அண்ணன் ஹோட்டல் அறையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்றார். மாரடைப்பு. வானத்தைப் பார்த்தே பயந்து கொண்டிருந்த எனக்கு, தரையில் இப்படி ஒன்று நடக்கும் என்று தோன்றியதே இல்லை. அந்த இரண்டு மணி அடித்து நிற்பதற்குள் நான் எடுத்திருந்தால் அவர் குரலைக் கேட்டிருப்பேன். இதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அண்ணனைக் கொண்டுவந்த அன்று, அதே கூடத்தில் அதே உறவினர்கள் கூடியிருந்தோம். யாரு போயிட்டாங்க என்று கேட்டுக்கொண்டு அவர் உள்ளே வருவாரோ என்று நான் வாசலையே பார்த்துக் கொண்டிருந்தேன். வந்தவர் துணை விமானி. என் அருகில் உட்கார்ந்து மலாயில் மெதுவாகப் பேசினார். மழையில் தவுக்கேமார்கள் கிளம்பச் சொல்லி அவசரப்படுத்தும்போது அண்ணன் கதவருகில் போய் நின்றுகொள்வாராம். "என் தங்கச்சி போன் பக்கத்துல உக்காந்திருக்கா. இந்த மேகத்துக்குள்ள நான் போக மாட்டேன். அவசரம்னா வேற விமானியைப் பாருங்க" என்பாராம். ஒருமுறை ஒரு முதலாளி, உன் தங்கச்சியா கம்பெனி நடத்துகிறாள் என்று கத்தினாராம். வானிலை விஷயத்தில் ஆமாம் என்றாராம் அண்ணன்.

"உங்கள் முகத்தை இன்றுதான் பார்க்கிறேன், காக்காக். ஆனால் உங்களை வைத்து நாங்கள் எத்தனையோ முறை கிளம்பாமல் இருந்திருக்கிறோம்" என்றார் அந்தத் தம்பி. மலாயில் அக்காவைத்தான் காக்காக் என்பார்கள்.

இத்தனை ஆண்டுகளாக என் பயம் யாருக்கும் பயன்படாத ஒன்று என்று நினைத்திருந்தேன். அண்ணன் அதைத் தன்னோடு எடுத்துப்போயிருக்கிறார். ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை.

இருக்கைகளைக் கழற்றி, தங்கள் விமானத்திலேயே அண்ணனை ஊர் கொண்டுவந்து சேர்த்த கம்பெனியாருக்கும், வழி முழுவதும் பெட்டியின் அருகிலேயே அமர்ந்து வந்த அந்தத் தம்பிக்கும், கொட்டும் மழையிலும் பெர்ரி ஏறி வந்த பட்டர்வொர்த் உறவினர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் அடுப்பை எரியவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், அண்ணியின் கையைப் பிடித்தபடியே இருந்த சின்னம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

சற்றுமுன் மகளை அழைத்து ஒரு நிபந்தனை சொன்னேன்.

"ரெண்டு தடவ அடிச்சு வைக்கிற வேலையெல்லாம் வேணாம். நான் எடுக்கிற வரைக்கும் அடிக்கணும்."

"எடுத்தா என்னம்மா பேசுறது? ஊர் பேர் சொல்லக் கூடாதுன்னா?"

"மழை பெய்யுதா, வெயிலடிக்குதான்னு சொல்லு. போதும்."

அவள் பேனாவை என் பக்கம் நகர்த்தினாள். தாயின் கோட்டில் என் கையெழுத்து சற்றுக் கோணலாக விழுந்திருக்கிறது. நாளைக் காலை இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். இது அச்சகத்துக்கு. அது அஞ்சலகத்துக்கு.